34 வயசில் ஒரு ஸ்டென்ட்: அந்த ஆஸ்பத்திரி எப்படி இருந்தது?

இதயத்து ரத்தக் குழாய் அடைத்து, அதைத் திறந்து பிடிக்க ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக் குழாயை வைத்துக்கொண்டு வந்த கதை இது. ஆஸ்பத்திரி பெயரை எழுதவில்லை. நல்லதும் சொல்லப் போகிறேன், குறையும் சொல்லப் போகிறேன். பெயரைப் போட்டால் யாராவது சண்டைக்கு வருவார்கள். கோவையில் இருக்கிற பெரிய இதய ஆஸ்பத்திரிகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் உள்ளே கிடந்தேன், அதற்கப்புறம் மூன்று முறை ஓ.பி.க்குப் போனேன்.

நான் திருப்பூரில் தையல் மெஷின் மெக்கானிக். ஓவர்லாக், ஃபிளாட்லாக், பவர் டேபிள் எல்லாம் பார்ப்பேன். இருபது கம்பெனி கைவசம். சர்வீஸ் தொழிலில் பதினாறு வருஷம் இருக்கிறவன் என்பதால் இன்னொருத்தர் சர்வீஸ் செய்வதைப் பார்த்தால் மார்க் போடாமல் இருக்க முடியாது. இதுவும் அப்படித்தான்.

போன வருஷம் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் ஆரம்பித்தது. படி ஏறினால் நெஞ்சுக்கு நடுவில் எரியும். இரண்டு நிமிஷம் நின்றால் போய்விடும். நின்றால் போய்விடுகிறது என்பதுதான் விஷயமே, ஆனால் அது அப்போது தெரியாது. மெடிக்கலில் கேஸ் மாத்திரை, கடையில் பன்னீர் சோடா, வீட்டில் ஓமத் தண்ணி. சீசன் நேரம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு புரோட்டா தின்கிறவனுக்கு நெஞ்சு எரியாமல் என்ன செய்யும் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் என் வீட்டம்மா விடவில்லை. "ஏனுங்க, உங்கப்பாவுக்கும் இப்படித்தானே வாயுப் பிடிப்புன்னு சொன்னாங்க" என்றாள். அப்பா 49 வயசில் தோட்டத்தில் மோட்டார் போடப் போன இடத்தில் விழுந்தவர். பக்கத்து கிளினிக்குக்குப் போனோம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு வலி இல்லை. டாக்டர் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பெருசா இல்லைங்க. 34 வயசுதானே. கேஸ்தான். எதுக்கும் அடுத்த வாரம் ஒரு டி.எம்.டி. ஓடிப் பார்த்துடலாம்" என்றார். டி.எம்.டி. என்றால் ஓடுகிற பெல்ட்டில் ஏற்றி ஓடவிட்டு ஈ.சி.ஜி. பார்ப்பது. வாயுவுக்கு ஊசி போட்டு 350 ரூபாய் வாங்கினார்கள். அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்றும் கேட்கவில்லை. எப்போது வலிக்கிறது, எப்போது நிற்கிறது என்றும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். அந்த ஈ.சி.ஜி. தாளை வீட்டம்மா மடித்து ரேஷன் கார்டு கவருக்குள் வைத்தாள். இந்தத் தாள் பின்னால் வரும்.

வியாழக்கிழமை ராத்திரி ஒன்பதே கால். பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு கம்பெனி, இரண்டாவது மாடி. ஓவர்லாக் ஒன்று சூடாகி இறுகிப்போச்சு என்று கூப்பிட்டிருந்தார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஓவர்லாக் மெஷின் மண்டையில் சின்னதாக ஒரு கண்ணாடி இருக்கும். உள்ளே ஆயில் அடித்துத் தெறிப்பது அதில் தெரியணும். தெறிக்கவில்லை என்றால் ஃபில்டரில் பஞ்சு அடைத்திருக்கிறது என்று அர்த்தம்; அப்படியே ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் ஜாம். அந்த மெஷினில் தெறிக்கவில்லை. ஹெட்டைத் தூக்கிச் சாய்க்கலாம் என்று குனிந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வலி என்று சொல்ல முடியாது. மேலே யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி பாரம். இடது தாடை இழுத்தது. வேர்வை சட்டையைப் பிழிகிற அளவுக்கு. என் ஹெல்ப்பர் பையன் "அண்ணா, அண்ணா" என்று முதுகைத் தேய்த்துவிட்டு, கம்பெனி சூப்பர்வைசரோடு சேர்ந்து என்னைப் பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோனான். இது தப்பு. 108க்கு அடித்திருக்கணும். வழியில் இதயம் நின்றிருந்தால் பைக்கில் என்ன செய்ய முடியும்? ஆம்புலன்ஸில் ஷாக் கொடுக்கிற மெஷினாவது இருக்கும்.

போனது முப்பது படுக்கை இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி. டியூட்டியில் இருந்தது சின்ன வயசுப் பெண் டாக்டர், என்னைவிட இளையவராகத்தான் இருப்பார். உள்ளே நுழைந்து ஐந்து நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. ஓடியது. தாளைப் பார்த்தவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. வாயில் ஆஸ்பிரினைப் போட்டு "கடிச்சு மெல்லுங்க, முழுசா அப்படியே முழுங்காதீங்க" என்றார். பிறகு ஒரு கைப்பிடி மாத்திரை. கோவை டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் ஈ.சி.ஜி.யை அனுப்பிவிட்டுப் போனில் பேசியது எனக்குக் கேட்டது: "சார், வி1 டு வி4 தூக்கியிருக்கு. இங்கிருந்து உங்க டேபிளுக்கு வர ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆகும். இங்கேயே லைஸ் பண்ணிடட்டுமா?"

அந்தப் பேச்சின் அர்த்தம் அப்புறம்தான் புரிந்தது. வி1, வி4 என்பதெல்லாம் ஈ.சி.ஜி. தாளில் நெஞ்சின் முன்பக்கத்தைக் காட்டுகிற வரிகள்; அவை மேலே தூக்கியிருந்தால் அட்டாக். லைஸ் என்றால் மருந்தால் கரைப்பது. ரத்தம் உறைந்து கட்டியாகி அடைத்திருக்கிற குழாயை பலூன் வைத்துத் திறப்பதுதான் முதல் தரமான வழி. ஆனால் அதைச் செய்கிற அறையான கேத் லேப் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, வயர் உள்ளே போவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் போலிருந்தால், காத்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் தசை செத்துக்கொண்டே இருக்கும். அதனால் கட்டியைக் கரைக்கிற ஊசியை இருக்கிற இடத்திலேயே போட்டுவிட்டு, மூன்று மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் ஆஞ்சியோ, அதாவது டை என்கிற சாயத்தை ஏற்றிக் குழாயைப் படம் பார்ப்பது, செய்துவிடுவது. ஊரிலிருந்து ஊருக்கு இப்படிக் கைமாற்றிக் கொண்டுபோகிற ஏற்பாட்டை ஒழுங்குபடுத்தி நம்ம தமிழ்நாட்டிலேயே ஆய்வு செய்திருக்கிறார்கள். சின்ன ஆஸ்பத்திரிகளையும் கேத் லேப் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளையும் இணைத்து 2,420 பேரைப் பின்தொடர்ந்து பார்த்து, 2017ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதமாக இருந்தது, அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு 14.2 ஆகக் குறைந்தது. என்னைக் காப்பாற்றியதும் அதே முறைதான்.

எனக்குப் போட்டது டெனெக்டெப்ளேஸ். எடை கேட்டார்கள், 72 கிலோ, 40 மில்லிகிராம், ஒரே தள்ளலில் பத்து வினாடிக்குள் முடிந்தது. பில்லில் அந்த ஒரு ஊசி 26 ஆயிரத்துச் சொச்சம். அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்குப் பழைய மருந்து ஸ்ட்ரெப்டோகைனேஸ், 15 லட்சம் யூனிட், டிரிப்பில் ஒரு மணி நேரம் ஏற்றுவார்கள். அதுவும் வேலை செய்யும். இன்னொன்றும் அப்புறம் தெரிந்தது: 2023லிருந்து "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என்று 14 மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். காசு வாங்குவதில்லை. சோடா குடித்த மூன்று நாளில் ஒரு நாளாவது அங்கே தலைகாட்டியிருக்கலாம்.

பதினொன்றுக்கு நெஞ்சு மேல் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போன மாதிரி இருந்தது. ஆம்புலன்ஸில் கோவை போய்ச் சேரும்போது பன்னிரண்டரை.

இனிதான் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி.

எமர்ஜென்சிக்கு முழு மார்க். ஸ்ட்ரெச்சரை வாசலில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். திருப்பூர் ஈ.சி.ஜி.யையும் இங்கே எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "தூக்கினது பாதிக்கு மேல இறங்கிடுச்சு, மருந்து பிடிச்சிருக்கு" என்றார் டியூட்டி டாக்டர். இறங்கவில்லை என்றால் அந்த நடுராத்திரியே கேத் லேப்புக்குத் தூக்கியிருப்பார்களாம். ஆள் தயாராக இருந்ததைப் பார்த்தேன். காலை எட்டரைக்கு நேரம் குறித்தார்கள்.

அதே நிமிஷம் வெளியே என் வீட்டம்மாவிடம் ஐம்பதாயிரம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் மூன்று லட்சத்துக்கு ஒரு மெடிக்கல் பாலிசி இருந்தது. இன்சூரன்ஸ் டெஸ்க் காலை ஒன்பதுக்குத்தான் திறக்கும், அதுவரை டெபாசிட் என்று சொல்லிவிட்டார்கள். நடுராத்திரி ஒரு மணிக்கு என் மச்சான் மூன்று பேருக்கு போன் போட்டு ஜிபேயில் வாங்கிக் கட்டினான். வைத்தியத்தை நிறுத்தவில்லை, அது வேறு விஷயம். ஆனால் ஹார்ட் அட்டாக் ஆபீஸ் நேரம் பார்த்து வராது என்று இதய ஆஸ்பத்திரிக்கே நான் சொல்லணுமா?

காலையில் கேத் லேப். ஏ.சி. குளிர் எலும்பில் ஏறியது. அதுக்கு முன்னால் ஒரு தம்பி வந்து வலது மணிக்கட்டையும், எதுக்கும் இருக்கட்டும் என்று தொடையையும் ஷேவ் செய்தார். தொடை வழியாகப் போனால் காலை மடக்காமல் மணிக்கணக்கில் கிடக்கணும். மணிக்கட்டு என்றால் அன்றைக்கே எழுந்து நடக்கலாம். எனக்கு மணிக்கட்டிலேயே முடிந்தது. மரத்துப்போக ஒரு ஊசி, அதுதான் உண்மையாக வலித்தது. அதற்கப்புறம் கைக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். மயக்கம் கொடுக்கவில்லை. முழு நினைவோடு என் இதயத்தை நானே டிவியில் பார்த்தேன்.

டாக்டர் ஐம்பது தாண்டியவர், குரலே உயராது. டை அடிக்கும்போது கறுப்பாகக் கிளைகிளையாக விரிகிறது, இரண்டு துடிப்பில் கலைகிறது. ஒரு இடத்தில் மட்டும் கிளை பென்சில் முனை மாதிரி மெலிந்து, கீழே மறுபடி விரிந்தது. டாக்டர் மானிட்டரை என் பக்கம் திருப்பினார். "பார்த்தீங்களா தம்பி, இதுதான் எல்.ஏ.டி. இதயத்துக்கு முன்பக்கம் பூராவும் தண்ணி பாய்ச்சற வாய்க்கால். அது தொடங்கற இடத்திலேயே தொண்ணூறு சதவீதம் அடைப்பு. ராத்திரி இது நூறா இருந்திருக்கும், ஊசி கொஞ்சம் வழிவிட்டிருக்கு." அடுத்து வலது பக்கக் குழாயைக் காட்டினார். "இங்க ஒரு நாற்பது இருக்கு. இதைத் தொட மாட்டேன். இது மாத்திரைக்கான வேலை."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மெஷினைத் திறந்துவிட்டால், ஓனருக்குத் தெரியாது என்கிற தைரியத்தில், நல்லா இருக்கிற லூப்பரையும் கழற்றிப் போட்டு இரண்டு பார்ட்ஸுக்குப் பில் போடுகிற மெக்கானிக் எங்கள் தொழிலில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். மேஜையில் மல்லாந்து கிடக்கிறவனுக்கு நாற்பதும் தெரியாது, தொண்ணூறும் தெரியாது. "ரெண்டையும் போட்டுடலாம்" என்று சொல்லியிருந்தால் வீட்டை விற்றாவது சரி என்று சொல்லியிருப்போம்.

என் வீட்டம்மாவைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டு அதே படத்தைக் காட்டியிருக்கிறார்கள். இது பெரிய விஷயம். என்ன ஸ்டென்ட், என்ன விலை என்று ஒரு தாளும் கொடுத்தார்களாம். மருந்து தடவிய ஸ்டென்ட் ஒரு காலத்தில் லட்சத்தைத் தாண்டி விற்றது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு 29,600 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று உச்சவரம்பு போட்டது. அதற்கப்புறம் அவ்வப்போது திருத்துகிறார்கள், கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆக ஸ்டென்ட் விலையை விசாரித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பில் ஏறுவது மற்ற வழியில்: கேத் லேப் வாடகை, பலூன், வயர், சி.சி.யூ. (இதய ஐ.சி.யூ.) படுக்கை, டாக்டர் ஃபீஸ்.

அந்த வயர் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். நாங்கள் பனியன் துணிக்குப் போடுகிற 11ஆம் நம்பர் ஊசி முக்கால் மில்லிமீட்டர் கனம். இவர்கள் மணிக்கட்டில் நுழைத்து, தோள் சுற்றி, இதயத்துக்குள் அடைப்பைத் தாண்டிக் கொண்டுபோகிற வயர் 0.36 மில்லிமீட்டர். அதில் பாதிகூட இல்லை. முனையை லேசாக வளைத்து, விரலால் உருட்டி உருட்டி, டிவியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார். கையைப் பார்க்கவே இல்லை. நான் இருபது வருஷம் பழகினாலும் அந்தக் கை வராது.

"இப்ப பலூன் ஊதப் போறேன், நேத்து வந்த வலி கொஞ்சம் வரும், பயப்படாதீங்க" என்று முன்னாலேயே சொன்னார். வந்தது. அதே ஆள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தான். டெக்னீஷியன் "பத்து... பன்னிரண்டு" என்று பிரஷரை எண்ணினார். பலூனை இறக்கியதும் எழுந்து போய்விட்டான். ஊதும்போது குழாய் முழுசாக அடைபடுகிறது, அதுதான் வலி. இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு நோயைப் புரியவைத்ததில்லை. ஸ்டென்ட் 3 மில்லிமீட்டர் அகலம், 28 நீளம். வைத்த பிறகு டை அடித்தபோது பென்சில் முனையைக் காணோம். மொத்தம் நாற்பது நிமிஷம்.

பிறகு சி.சி.யூ.வில் படுத்துக்கொண்டு போனில் படித்தேன். உலகத்திலேயே முதல் முறை முழித்திருக்கிற ஒருவருக்கு இந்த பலூன் வைத்தியம் செய்தது 1977 செப்டம்பரில், சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்கிற டாக்டர். அந்த நோயாளிக்கு வயசு 38. அடைப்பும் இதே எல்.ஏ.டி.யில். இந்த வைத்தியம் பிறந்ததே ஒரு இளவட்டத்துக்காகத்தான் என்று தெரிந்ததும், "இந்த வயசுலயா" என்று பார்க்க வந்த ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் அதையே சொன்னேன்.

இனி அந்தத் தாள். ரவுண்ட்ஸ் வந்தபோது வீட்டம்மா ரேஷன் கார்டு கவரிலிருந்து கிளினிக் ஈ.சி.ஜி.யை எடுத்து நீட்டினாள். டாக்டர் ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவால் இரண்டு இடத்தில் வட்டம் போட்டார். வி2, வி3. "இங்க பாருங்க, இந்த அலை மேல ஏறி, சட்டுனு கீழ குழியுது. வலி இல்லாத நேரத்துல எடுத்தாத்தான் இது தெரியும். எல்.ஏ.டி. எந்த நேரமும் மூடிக்கலாம்னு அர்த்தம்." 1982லேயே நெதர்லாந்தில் வெல்லன்ஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் கண்டு சொன்ன அடையாளமாம், அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். "டி.எம்.டி. எழுதியிருந்தாங்களா?" என்று கேட்டார். அடுத்த வாரம் ஓடச் சொன்னார்கள் என்றேன். "ஓடாம இருந்தீங்களே" என்று மட்டும் சொன்னார். இந்த அடையாளம் இருக்கிறவரை ஓடவிட்டால் அங்கேயே அட்டாக் வந்துவிடலாம். கிளினிக் டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசவில்லை. நான் மனசுக்குள் பேசிக்கொண்டேன்.

நர்ஸுகள் பற்றி: ராத்திரி டியூட்டிப் பெண்கள் தங்கம். பகலில் ஒருவர் கொஞ்சம் சிடுசிடுப்பு. மணிக்கட்டில் காற்றடைத்த பேண்ட் கட்டி, அரை மணிக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கினார்கள். ஒரு சொட்டு ரத்தம் கசியவில்லை. சாப்பாடு உப்பில்லை, அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது.

கூட இருக்கிறவர்களுக்கான ஏற்பாடு மோசம். ஒருத்தருக்குத்தான் பாஸ். பிளாஸ்டிக் நாற்காலி. அந்தத் தளத்தில் பெண்கள் கழிப்பறையை ராத்திரி பத்துக்கு மேல் பூட்டிவிடுகிறார்கள். என் வீட்டம்மா மூன்று மாடி இறங்கி எமர்ஜென்சிக்குப் போய் வந்தாள். லட்சக்கணக்கில் பில் போடுகிற இடத்தில் ஒரு சாவிக்கு ஆள் போட முடியாதா?

டயட்டீஷியன் ஒரு அச்சடித்த தாளோடு வந்தார். ஓட்ஸ், ப்ரோக்கோலி, ஆலிவ் ஆயில், சால்மன். என் வீட்டம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, கொள்ளுப் பருப்பு, கம்மங்கூழ், ராகிக் களியெல்லாம் திங்கலாமுங்களா?" என்றாள். அந்தப் பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பேனா எடுத்து ஓரத்தில் "கொள்ளு ஓ.கே." என்று எழுதினார். நல்ல பிள்ளைதான், தாள்தான் வேறு ஊருடையது.

காரணம் தேடிய விதத்துக்கு மறுபடியும் மார்க் போடணும். 34 வயசுக்காரனுக்கு அடைப்பு என்றால் ஏன் என்று விடாமல் கேட்டார்கள். ஒரு நாளைக்குப் பத்து சிகரெட். கெட்ட கொழுப்பு எல்.டி.எல். 168. சுகர் இல்லை. இதெல்லாம் எதிர்பார்த்தது. கூடவே லைப்போபுரோட்டீன்-ஏ என்று ஒரு டெஸ்ட், 1,100 ரூபாய். 50க்குக் கீழ் இருக்கணுமாம், எனக்கு 96. இது தின்பதால் வருவதில்லை, அப்பா அம்மாவிடமிருந்து ரத்தத்திலேயே வருவது. ஆயுசுக்கு ஒரு தரம் பார்த்தால் போதும், பெரிதாக ஏறி இறங்காது. கொழுப்பு மாத்திரைக்கும் இது அடங்காது; அதனால் மற்ற எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கணும். அப்பா 49ல் போனதைச் சொன்னபோது டாக்டர் தலையசைத்தார். "உங்க தம்பி, தங்கச்சி எல்லாரும் பார்க்கணும்." தம்பிக்கு 29. பார்த்தான், 88. சிகரெட்டை நான் நிறுத்தியதற்கு முன் அவன் நிறுத்திவிட்டான்.

டிஸ்சார்ஜ் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்துக்குச் "சரி, போகலாம்" என்றார்கள். வெளியே வந்தது சாயந்திரம் ஐந்தரை. இன்சூரன்ஸ்காரர்கள் முன்னாலேயே இருந்த நோயா என்று கேட்டுக் கேள்வி அனுப்ப, இவர்கள் பதில் எழுத ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லை. மொத்தப் பில் 1,86,400, பாஸானது 1,61,000. மீதி கையுறை, பஞ்சு, அட்மிஷன் கிட் வகையறா. டெபாசிட்டில் மிச்சப் பணம் ஒன்பது நாள் கழித்து வந்தது. எனக்குப் பக்கத்துப் படுக்கை ஐயாவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, அவர் குடும்பத்துக்கு என்னைவிட அலைச்சல் குறைவு. வருஷ வருமானம் 1,20,000க்குள் இருக்கிறவர்கள் அந்த அட்டையை இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு.

என் பெரிய மனக்குறை இதற்கப்புறம்தான். டிஸ்சார்ஜ் சம்மரி முழுக்க இங்கிலீஷ். ஃபார்மசியில் கவரில் "1-0-1" என்று கிறுக்கி நீட்டினார்கள். எது எதற்கு, எதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று நாலு நிமிஷம்கூடப் பேசவில்லை. ஒரு பத்து ரூபாய் ஃபேன் பெல்ட் மாற்றினால்கூட நான் ஓனரிடம் எதைச் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போவேன். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ஸ்டென்டுக்குள் கட்டி விழாமல் காக்கிறவை. இரண்டையும் குறைந்தது ஒரு வருஷம், ஒரு நாள்கூடத் தானாக நிறுத்தக் கூடாது, பல் பிடுங்கப் போனாலும் கேட்காமல் நிறுத்தக் கூடாது. இதைத் தமிழில் கொட்டை எழுத்தில் அடித்துக் கொடுக்க என்ன செலவு?

நடந்ததைச் சொல்கிறேன். சம்மரியில் வயிற்றுக்குப் பாண்டோபிரசோல் எழுதியிருந்தது. ஆமாம், அதே கேஸ் மாத்திரைதான். ஆஸ்பிரின் வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க. முதல் மாதம் முடிந்து எங்கள் தெரு மெடிக்கலில் வாங்கப் போனபோது அது இல்லை, "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று ஒமிபிரசோல் கொடுத்தார். மூன்று வாரம் தின்றேன். அடுத்த ஓ.பி.யில் மாத்திரைப் பையைக் கொட்டிக் காட்டியபோது உதவி டாக்டர் அட்டையைத் தனியாக எடுத்து வைத்தார். ஒமிபிரசோல் குளோபிடோக்ரல் வேலை செய்வதைக் குறைக்குமாம், பாண்டோபிரசோல் அந்த அளவுக்குக் குறைக்காதாம். "யாரும் சொல்லலையா?" என்று என்னைக் கேட்டார். அவர் ஆஸ்பத்திரியில்தான் சொல்லியிருக்கணும்.

பைக் எப்போது ஓட்டலாம், மெஷின் ஹெட்டை எப்போது தூக்கலாம், வீட்டம்மாவோடு எப்போது சேரலாம், எதுவுமே அவர்களாகச் சொல்லவில்லை. பிசியோதெரபிஸ்ட் தம்பி ஒருவரைத் தனியாக ஓரம் கட்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் வெட்கப்படாமல் சொன்னார்: இரண்டு மாடிப் படியை மூச்சு வாங்காமல், நெஞ்சு இறுகாமல் ஏற முடிந்தால் அதற்கும் தகுதி உண்டு. மெஷின் ஹெட்டை ஆறு வாரத்துக்குத் தொடாதே என்றார். ஹெல்ப்பர் பையன் தூக்க, நான் உட்கார்ந்துகொண்டு ஸ்க்ரூ டிரைவர் நீட்டினேன்.

ஸ்டென்டுக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள், அதில் ஸ்டிக்கர்: கம்பெனி, அளவு, லாட் நம்பர், வைத்த தேதி. பார்ட் நம்பர் கொடுக்கிற சர்வீஸைக் குறை சொல்ல முடியாது. ஆதார் பக்கத்தில் பர்ஸில் வைத்திருக்கிறேன். ஆஞ்சியோ சி.டி.யும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால்தான் தருவார்கள்.

மூன்று மாதம் கழித்து எக்கோ எடுத்தபோது இதயத்தின் பம்ப் பண்ணும் சக்தி 48லிருந்து 56க்கு வந்திருந்தது. எல்.டி.எல். 61. நான் சந்தோஷமாக நீட்டினால் டாக்டர், "55க்குக் கீழ கொண்டுவரணும் தம்பி" என்று எசிடிமைப் என்று இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார்.

ஐந்துக்கு நாலு. எமர்ஜென்சிக்கும் கேத் லேப்புக்கும் அந்த டாக்டருக்கும் ஐந்து கொடுக்கலாம், டிஸ்சார்ஜுக்கு ஒன்றுதான். போகிறவர்கள் காலை ஏழேகாலுக்கே டோக்கன் போட்டுவிடுங்கள், எட்டு மணிக்குப் போனால் அறுபதாம் நம்பர். கார் நிறுத்த இடம் கிடைக்காது. டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால் எதிரே ஒரு மெஸ்ஸில் அரிசிம்பருப்பு சாதம் நன்றாக இருக்கும், நெய் வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடணும், இல்லாவிட்டால் கேட்காமலே ஊற்றிவிடுவார்.